நெஞ்சுப் படபடப்புக்கு ஒரு கல்: ஷாஜகானும் எழுத்து பொறித்த ஜேட் பதக்கங்களும்

உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு கல். வெண்மையோ வெளிர் பச்சையோ கலந்த நிறம், எண்ணெய் தடவியது போன்ற மினுமினுப்பு, தொட்டால் குளிர்ச்சி. மேலே நூல் கோக்க வழி இருக்கும். முகப்பில் பொடிப் பொடியாக எழுத்துகள்.

முகலாய அரச குடும்பத்தினர் இதை நெஞ்சுக்கு நேராகத் தொங்கும்படி அணிந்தார்கள். அழகுக்காக மட்டுமல்ல, நெஞ்சுப் படபடப்பு குறையும் என்ற நம்பிக்கையிலும்தான்.

படை, பணம், யானை, பீரங்கி என எல்லாம் கையில் இருந்தவர்களுக்கு எதற்குப் படபடப்பு? தாஜ்மஹாலைக் கட்டிய ஷாஜகானின் வாழ்க்கையைப் பார்த்தால் பதில் கிடைக்கும். கற்களை அவர் அளவுக்கு நேசித்த முகலாயப் பேரரசர் இல்லை. கற்களில் பெயர் எழுதி வைப்பதில் அவர் காட்டிய அக்கறையும் கொஞ்சநஞ்சமல்ல.

பெயரிலேயே பயம் இருக்கிறது

இந்தப் பதக்கத்தின் பெயர் ஹவ்ல்திலி. 'ஹவ்ல்' என்றால் திகில், அச்சம். 'தில்' என்றால் இதயம். நெஞ்சில் ஏற்படும் திகிலுக்கான மருந்து என்று வைத்துக்கொள்ளலாம். நம்மூர் வழக்கில் சொன்னால் இது ஒரு தாயத்து. தகட்டுக்குப் பதிலாக ஜேட், அவ்வளவுதான் வித்தியாசம்.

எல்லாம் ஒரே மாதிரி இருக்காது. சில நீள்வட்டமாக இருக்கும், சிலவற்றின் விளிம்பு பூவிதழ் போல வளைந்து வளைந்து போகும். பலவற்றில் குர்ஆன் வசனங்கள் இருக்கும். பாதுகாப்பு தருவதாக முஸ்லிம்கள் நம்பும் ஆயத்துல் குர்ஸி என்ற வசனம் அதில் முக்கியமானது. அரச குடும்பத்துக்காகச் செய்தவற்றில் பேரரசரின் பட்டப்பெயரும் ஹிஜ்ரி ஆண்டும் இருப்பதுண்டு. எழுத்து ஒரு பக்கம் என்றால், இன்னொரு பக்கம் மாணிக்கமும் மரகதமும் பதித்த பூக்கள் இருக்கும்.

பதக்கம் அணிந்தால் படபடப்பு குறையும் என்பதற்கு மருத்துவ ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் அரண்மனையில் படபடப்புக்குக் காரணம் இருந்தது. அது மட்டும் உண்மை.

ஏன் ஜேட்?

வைரம், மாணிக்கம், மரகதம் எல்லாம் கொட்டிக் கிடந்த அரண்மனையில் ஜேட்டுக்கு ஏன் இந்த மரியாதை? காரணம் வம்சம்.

முகலாயர்கள் தங்களை 14-ம் நூற்றாண்டின் மத்திய ஆசியப் பேரரசர் தைமூரின் வாரிசுகளாகவே பார்த்தார்கள். அந்த ஊர்ப் பக்கத்தில் ஜேட் என்பது வெற்றிக் கல். வாளிலும் இடைவாரிலும் பதித்துக்கொண்டால் போரில் ஜெயிக்கலாம், இடி விழாது, வயிற்று வலி வராது என்றெல்லாம் துருக்கிய மக்களிடம் நம்பிக்கைகள் இருந்தன. சமர்கண்டில் தைமூரின் சமாதி மேல் இருப்பதும் கரும்பச்சை ஜேட் பலகைதான். அதைக் கொண்டுவந்து வைத்தவர் அவருடைய பேரன் உலுக் பெக்.

நல்ல ஜேட் கிடைத்த இடம் கோட்டான். இன்றைய சீனாவின் மேற்கு எல்லைப் பகுதி. அங்கே ஓடும் யுருங்காஷ் ஆற்றில் வெள்ளை ஜேட் கூழாங்கல்லாகக் கிடைக்கும். வணிகர்கள் அதை முகலாய நகரங்களுக்குக் கொண்டுவந்தார்கள்.

இந்த வகை ஜேட்டுக்கு நெஃப்ரைட் என்று பெயர். அதன் உள்ளே நுண்ணிய இழைகள் பாய் முடைந்த மாதிரி பின்னிக் கிடக்கும். அதனால் எளிதில் உடையாது. எஃகுக் கத்தியாலும் கீற முடியாது. கடினமான கல்பொடியைத் தண்ணீரில் குழைத்து, சுழலும் கருவியால் தேய்த்துத் தேய்த்துத்தான் வடிவம் கொண்டுவர வேண்டும். எழுத்தும் அப்படித்தான். வளைவு நெளிவு நிறைந்த பாரசீக எழுத்தை இந்த வேகத்தில் பொறிப்பது எவ்வளவு பொறுமையான வேலை என்று யோசித்துப் பாருங்கள். ஒரு புள்ளி தவறினால் அழிக்க ரப்பர் கிடையாது.

ரத்தினம் பதிக்க குந்தன் என்ற இந்திய முறை கைகொடுத்தது. கலப்பில்லாத தங்கத்தை மெல்லிய தகடாக்கி, சூடு காட்டாமலேயே கல்லைச் சுற்றி அழுத்துவார்கள். தங்கம் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும். நகம், கொக்கி எதுவும் தேவையில்லை. மத்திய ஆசியக் கல், அரபி எழுத்து, இந்திய வேலைப்பாடு. ஒரு சின்னப் பதக்கத்தில் முகலாய அரசவை மொத்தமும் அடங்கிவிட்டது.

சிரிக்காத இளவரசர்

1592 ஜனவரி 5-ம் தேதி லாகூரில் பிறந்தவர் குர்ரம். அப்பா இளவரசர் சலீம், பின்னாளில் பேரரசர் ஜஹாங்கீர். தாத்தா அக்பர். குழந்தையை வளர்த்தது அக்பரின் மனைவி ருக்கையா பேகம். தாத்தாவின் செல்லப் பேரன்.

1607-ல் அர்ஜுமந்த் பானுவுடன் நிச்சயதார்த்தம், 1612-ல் திருமணம். உலகம் மும்தாஜ் மஹால் என்று அறிந்தது இவரைத்தான்.

1616-ல் ஜஹாங்கீர் அரசவைக்கு இங்கிலாந்து அரசரின் தூதராக வந்த தாமஸ் ரோ, 24 வயது குர்ரமை அருகிலிருந்து பார்த்தார். இவ்வளவு இறுக்கமான முகத்தைத் தான் கண்டதே இல்லை, சிரிப்பே வருவதில்லை, யாரிடமும் தனி மரியாதை காட்டுவதில்லை என்ற ரீதியில் எழுதி வைத்தார். வெளியே தெரிந்தது கர்வம். உள்ளே என்ன ஓடியது என்பது சில ஆண்டுகளில் தெரிந்தது.

1617-ல் தக்காணத்தில் வெற்றியோடு திரும்பிய மகனுக்கு மாண்டுவில் தடபுடலான வரவேற்பு. ஜஹாங்கீர் தட்டு நிறைய ரத்தினங்களை எடுத்து மகனின் தலையில் கொட்டினார். சிம்மாசனத்துக்கு அருகில் இருக்கை கொடுத்தார். ஷாஜகான், அதாவது உலகின் அரசன் என்ற பட்டமும் அப்போது வந்ததுதான்.

ரத்தத்தில் தொடங்கிய ஆட்சி

முகலாயர்களிடம் மூத்த மகனுக்குத்தான் பட்டம் என்ற விதி கிடையாது. ஜெயித்தவருக்கு அரியணை. தோற்றவருக்குப் பெரும்பாலும் சாவு. ஒரே வீட்டில் வளரும் அண்ணன் தம்பிகள் ஒருவரை ஒருவர் பயத்தோடு பார்க்க இது ஒன்று போதாதா?

1622-ல் ஷாஜகானின் அண்ணன் குஸ்ரோ புர்ஹான்பூரில் இறந்தார். அப்போது அவர் ஷாஜகானின் காவலில் இருந்தார். சந்தேகம் யார் மேல் விழுந்தது என்று சொல்லத் தேவையில்லை. அதே ஆண்டு ஷாஜகான் அப்பாவுக்கு எதிராகவே கிளர்ச்சியில் இறங்கினார். தோற்றார், ஓடினார், 1626-ல் பணிந்தார். பிணையாகத் தன் மகன்கள் தாரா ஷிகோவையும் ஔரங்கசீப்பையும் தாத்தாவிடம் அனுப்பி வைக்க வேண்டியதாயிற்று. ஔரங்கசீப்புக்கு அப்போது எட்டு வயதுகூட ஆகவில்லை.

1627 அக்டோபரில் ஜஹாங்கீர் இறந்தார். ஷாஜகான் தக்காணத்தில் இருந்தார். வடக்கே அவருக்காகக் காய் நகர்த்தியவர் மாமனார் ஆசப் கான். 1628 தொடக்கத்தில் தம்பி ஷஹ்ரியார், குஸ்ரோவின் இரண்டு மகன்கள், சித்தப்பா தானியாலின் இரண்டு மகன்கள் என ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். உத்தரவு ஷாஜகானுடையது. அதே ஆண்டு பிப்ரவரியில் ஆக்ராவில் முடிசூட்டு விழா நடந்தது.

நெஞ்சுத் திகிலுக்குக் கல் கட்டிக்கொள்ளும் வழக்கம் இந்த மாதிரி ஒரு குடும்பத்தில் இருந்ததில் ஆச்சரியம் என்ன?

குருவும் சனியும் சேர்ந்த நேரம்

அரியணைக்கு வந்ததும் ஷாஜகான் சூட்டிக்கொண்ட பட்டம் சாஹிப் கிரான்-ஏ-சானி. குருவும் சனியும் சேரும் அபூர்வ வேளையில் பிறந்தவர் உலகை ஆள்வார் என்பது அன்றைய ஜோதிட நம்பிக்கை. அந்தக் கிரகச் சேர்க்கையின் அதிபதி என்று பெயர் வாங்கியவர் தைமூர். சானி என்றால் இரண்டாவது. அதாவது, தான் இரண்டாம் தைமூர் என்று ஷாஜகான் அறிவித்தார்.

நாணயத்தில் இந்தப் பட்டம் வந்தது. ஜேட் பொருட்களிலும் ரத்தினங்களிலும் வந்தது. கைக்கு அடக்கமான கல்லில் இதைப் பொறித்தால் ஊர் பார்க்கப் போவதில்லை. பார்ப்பது அணிபவரும் அருகில் இருக்கும் நாலு பேரும்தான். நாணயம் மக்களுக்கு யார் ராஜா என்று சொன்னது. நெஞ்சில் தொங்கிய கல் அதையே ராஜாவுக்கு நினைவுபடுத்தியது.

கல்லில் ஒரு பட்டா மாறுதல்

நிலம் கைமாறினால் பட்டாவில் பெயர் மாறும். பழைய பெயர் போய்ப் புதிய பெயர் வரும். தைமூர் வம்சத்துக் கற்களில் கொஞ்சம் வேறு மாதிரி. பழைய பெயரை அழிக்க மாட்டார்கள், பக்கத்தில் தங்கள் பெயரைச் சேர்ப்பார்கள்.

இதற்குச் சரியான உதாரணம் போர்ச்சுகலின் லிஸ்பன் நகரில், குல்பென்கியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெள்ளை ஜேட்டில் செய்த சின்னக் குடுவை. சமர்கண்டில் வானியல் ஆய்வகம் கட்டிய அதே உலுக் பெக்குக்காக 15-ம் நூற்றாண்டில் செய்தது. அதில் ஜஹாங்கீர் 1613 வாக்கில் தன் பெயரைப் பொறித்தார். ஷாஜகான் ஹிஜ்ரி 1056-ல், அதாவது 1646-47-ல், தன் பெயரைச் சேர்த்தார்.

பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் ஜஹாங்கீருக்கு அனுப்பிய சிவப்புக் கல் ஒன்றும் உண்டு. தைமூர், அவர் மகன் ஷாருக், பேரன் உலுக் பெக், பிறகு ஷா அப்பாஸ் என ஏற்கெனவே பெயர்கள் வரிசையாக இருந்தன. ஜஹாங்கீர் தன் பெயரையும் அப்பா அக்பர் பெயரையும் சேர்த்தார். பிறகு அது மகன் கைக்கு வந்தது. ஷாஜகானும் தன் பெயரைச் சேர்த்து, அதை மயிலாசனத்தில் பதித்தார் என்கிறது அவருடைய அரசவை வரலாறு. 1635 மார்ச்சில் அவர் முதன்முதலாக அமர்ந்த அந்த ஆசனத்தைச் செய்ய ஏழு ஆண்டுகள் ஆயின. செலவு ஒரு கோடி ரூபாய். அன்றைய ஒரு கோடி!

வம்சத்துக் கல்லாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. 'ஷா' என்று இன்று அழைக்கப்படும் 88.7 காரட் வைரத்தில் முதலில் இருந்தது அகமதுநகர் சுல்தானின் பெயர், ஆண்டு 1591. ஷாஜகான் அதில் 1641-ல் தன் பெயரைப் பொறித்தார். தோற்றுப்போன அரசின் பெயர் ஒரு பக்கம், ஜெயித்தவர் பெயர் இன்னொரு பக்கம்.

நகைகளைக் கழற்றிய நாட்கள்

1631 ஜூன் மாதம். தக்காணப் போருக்காக முகாம் புர்ஹான்பூரில். மும்தாஜுக்கு 14-வது பிரசவம். பெண் குழந்தை பிறந்தது, தாய் இறந்துவிட்டார். 14 குழந்தைகளில் தங்கியது ஏழு பேர்.

ஒரு வாரம் பேரரசர் யாருக்கும் முகம் காட்டவில்லை. தாடி சீக்கிரமே வெளுத்தது, அழுது அழுது கண்ணாடி அணிய வேண்டி வந்தது என்றெல்லாம் அரசவைக் குறிப்புகள் சொல்கின்றன. இரண்டு ஆண்டுகள் வெள்ளை உடைதான். இசை இல்லை, அத்தர் இல்லை, நகைகளும் இல்லை.

உடல் முழுக்க ரத்தினம் அணிந்த மனிதர் எல்லாவற்றையும் கழற்றி வைத்தார். ஆனால் கல்லில் எழுதுவதை மட்டும் நிறுத்தவில்லை, அளவுதான் மாறியது. 1632-ல் தாஜ்மஹால் வேலை தொடங்கியது. அதன் வாசல்களில் வெள்ளைப் பளிங்கில் கறுப்புக் கல் பதித்து ஓடும் குர்ஆன் வசனங்களை வடிவமைத்தவர் ஷிராஸிலிருந்து வந்த அமானத் கான். உயரே போகப் போக எழுத்தைப் பெரிதாக்கியிருப்பார், கீழே நின்று பார்ப்பவருக்கு எல்லாம் ஒரே அளவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. பூக்களுக்காக வண்ணக் கற்களைப் பளிங்குக்குள் பதித்தார்கள். பதக்கத்தில் செய்த வேலையைத்தான் கட்டடத்திலும் செய்தார்கள். வெளிர் கல், அதில் வசனம், அதைச் சுற்றிப் பூக்கள்.

எட்டாத சமர்கண்ட்

உலுக் பெக் குடுவையில் ஷாஜகான் பெயர் பொறித்த ஹிஜ்ரி 1056-ல் இன்னொன்றும் நடந்தது. 1646 கோடையில் அவருடைய படை இந்துகுஷ் மலையைத் தாண்டி, இன்றைய ஆப்கானிஸ்தானின் வடக்கில் இருக்கும் பல்க் நகரைப் பிடித்தது. அங்கிருந்து அடுத்த இலக்கு தைமூரின் சமர்கண்ட்.

போக முடியவில்லை. குளிர், பஞ்சம், உஸ்பெக்குகளின் ஓயாத தாக்குதல். 1647 இறுதியில் படை திரும்பியது. மலைப்பாதைப் பனியில் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். கோடிக்கணக்கில் பணம் போனது, ஓர் அங்குல நிலம்கூட மிஞ்சவில்லை. குடுவையில் பெயர் எழுதுவது எளிதாக இருந்தது. அது செய்யப்பட்ட ஊரைப் பிடிப்பது முடியாத காரியம்.

1657: ஒரு கோப்பை, ஒரு நோய்

முகலாய ஜேட் வேலையின் உச்சம் என்று பலரும் சொல்லும் பொருள் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஷாஜகானின் வெள்ளை ஜேட் மதுக் கோப்பை. நீளம் 18.7 செ.மீ. பாதியாக வெட்டிய சுரைக்காய் வடிவம், அடியில் தாமரை இதழ்கள், கைப்பிடி மெல்ல வளைந்து ஓர் ஆட்டுத் தலையாக முடியும். ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிசு. அதில் இரண்டாம் தைமூர் என்ற அந்தப் பட்டமும், ஹிஜ்ரி 1067 என்ற ஆண்டும் இருக்கின்றன.

அந்த ஹிஜ்ரி ஆண்டு முடிவதற்குள், 1657 செப்டம்பரில், ஷாஜகான் சிறுநீர் அடைப்பால் படுத்த படுக்கையானார். மக்கள் பார்க்கும் உப்பரிகையில் சில நாட்கள் தலைகாட்டவில்லை. பேரரசர் இறந்துவிட்டார் என்று வதந்தி பரவியது. தாரா, ஷுஜா, ஔரங்கசீப், முராத் என நான்கு மகன்களும் களத்தில் இறங்கினார்கள்.

1658-ல் ஆக்ராவுக்கு அருகே சமுகர் போரில் ஔரங்கசீப் ஜெயித்தார். அப்பா கோட்டைக்குள். மகன் வெளியே. கோட்டையை பீரங்கியால் உடைக்க முடியவில்லை. யமுனைத் தண்ணீர் உள்ளே போகாமல் தடுத்தார் ஔரங்கசீப். ஜூன் மாத ஆக்ரா வெயிலில் உலகின் அரசர் உப்புக் கிணற்று நீரைக் குடிக்க நேர்ந்தது. சில நாட்களிலேயே கதவு திறந்தது.

பிறகு அப்பாவும் மகனும் கடிதத்தில் சண்டை போட்டார்கள். அப்பா குற்றம் சாட்டியபோது மகன் பழைய கணக்கை எடுத்தார். நீங்கள் குஸ்ரோவுக்குச் செய்ததை மறந்துவிட்டீர்களா என்ற பொருளில் ஔரங்கசீப் எழுதினார். 1626-ல் பிணையாக அனுப்பப்பட்ட அந்தச் சிறுவன் எதையும் மறக்கவில்லை.

கைதியின் கண்

ஏழரை ஆண்டுகள் ஆக்ரா கோட்டைதான் ஷாஜகானின் உலகம். கூடவே இருந்து பார்த்துக்கொண்டவர் மூத்த மகள் ஜஹனாரா. ஒவ்வொரு நகையாக மகன் கேட்டு வாங்கினார். ஜெபம் செய்யும் முத்துமாலையைக் கேட்டபோது மட்டும் கிழவர் மசியவில்லை. கொடுப்பதற்குப் பதில் உரலில் போட்டு இடித்துவிடுவேன் என்று சொல்லி அனுப்பினாராம்.

இந்தக் காலத்தில் நடந்த ஒன்றை பிரெஞ்சு ரத்தின வணிகர் தவெர்னியே எழுதி வைத்திருக்கிறார். அரசவையின் பெரிய புள்ளி ஜாபர் கான் 95,000 ரூபாய்க்கு ஒரு சிவப்புக் கல் வாங்கி, ஔரங்கசீப்புக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தார். இது அசல் இல்லை என்றார் வயதான ஒரு நகை வணிகர். மற்ற நிபுணர்கள் அவரோடு ஒத்துப்போகவில்லை. யாரைக் கேட்பது? பேரரசிலேயே கற்களை நன்றாக அறிந்தவர் ஒருவர்தான். அவர் சிறையில் இருந்தார். கல் அவரிடம் போனது. ஷாஜகான் நிதானமாகப் பார்த்துவிட்டு, இது உயர்ந்த வகைக் கல்லே அல்ல, 500 ரூபாய்க்கு மேல் பெறாது என்று சொல்லி அனுப்பினார். விற்றவர் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

அரியணையைப் பறிக்க முடிந்தது, பெரும்பாலான நகைகளையும் வாங்கிக்கொள்ள முடிந்தது. கல்லைப் படிக்கும் அந்தக் கண்ணை மட்டும் மகனால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. தேவைப்பட்டபோது அவரிடம்தான் வர வேண்டியிருந்தது.

1666 ஜனவரி 22-ம் தேதி, 74 வயதில் ஷாஜகான் இறந்தார். பெரிய ஊர்வலம் எதுவும் இல்லை. உடலை ஆற்று வழியாகக் கொண்டுபோய் தாஜ்மஹாலில் மும்தாஜுக்கு அருகில் அடக்கம் செய்தார்கள்.

கற்கள் எங்கே போயின?

1739-ல் பாரசீகத்தின் நாதிர் ஷா டெல்லியைச் சூறையாடினார். மயிலாசனம் போனது, கருவூலம் காலியானது. மறு ஆண்டே சமர்கண்டிலிருந்து தைமூரின் ஜேட் பலகையையும் தூக்கிப் போனார். அது உடைந்து திரும்பி வந்தது. 'ஷா' வைரத்தில் 1824-ல் ஈரான் மன்னர் பத் அலி ஷா மூன்றாவதாகத் தன் பெயரைச் சேர்த்தார். டெஹ்ரானில் ரஷ்யத் தூதர் கிரிபோயேதோவ் கொல்லப்பட்ட விவகாரத்தைச் சமாதானப்படுத்த 1829-ல் அது ரஷ்யாவுக்குப் பரிசாகப் போனது. இன்று இருப்பது மாஸ்கோவின் கிரெம்ளினில். ஷாஜகானின் ஜேட் கோப்பை 19-ம் நூற்றாண்டில் ஓர் ஆங்கிலேய ராணுவ அதிகாரியின் சேகரிப்பில் இருந்தது. பல கை மாறி 1962-ல் லண்டன் அருங்காட்சியகத்துக்கு வந்தது. ஹவ்ல்திலிப் பதக்கங்களும் இப்படித்தான், உலகம் முழுக்கக் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் கிடக்கின்றன.

எழுதி வைத்தால் நிலைக்கும் என்று ஷாஜகான் நம்பியது ஒருவகையில் பலித்தது. எத்தனையோ கை மாறியும் அவர் பெயர் அந்தக் கற்களில் அப்படியே இருக்கிறது. ஆனால் கல்லால் அவருடைய குடும்பத்தைக் காப்பாற்ற முடியவில்லை. அண்ணன் தம்பிகளிடம் அவர் தொடங்கி வைத்த பயம் அவருடைய பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்தது.

தாஜ்மஹாலுக்குப் போனால் மும்தாஜ் சமாதிக்கு அருகே, கொஞ்சம் ஓரமாகத் தள்ளி இருக்கும் ஷாஜகான் சமாதியைப் பாருங்கள். அதில் ஹிஜ்ரி 1076 என்ற ஆண்டு இருக்கும். கூடவே அந்தப் பட்டமும் இருக்கும். நாணயத்திலும் கோப்பையிலும் இருந்த அதே சாஹிப் கிரான்-ஏ-சானி. ஷாஜகானுக்காகக் கல்லில் எழுதியதில் கடைசி அதுதான். இந்த முறை எழுத உத்தரவிட்டது அவர் இல்லை.